படிக்கப் போகவில்லை, விளையாடப் போகிறாள்

என் பேத்தி மெல்பேர்ணுக்குப் போனது பந்து விளையாட. படிப்பதற்கு அல்ல. இந்த இரண்டு வாக்கியங்களையும் முதலில் எழுதி வைத்துவிடுகிறேன். சென்ற வருடம் வசந்த காலத்தில் என் சொந்த வீட்டுக்குள் இவற்றைச் சத்தமாகச் சொல்ல எனக்கு அனுமதி இருக்கவில்லை.

தென்லண்டனில், மிச்சம் என்ற பகுதியில், ட்ராம் பாதைக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. நான்கு பேர்: நான், மகன், மருமகள், அவர்களுடைய ஒரே பிள்ளையான பேத்தி. நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு குளியலறை, ஒரு கார், ஏழு குடைகள். பேத்திக்கு அப்போது இருபத்து நான்கு வயது. மருந்தாளர் படிப்பை முடித்து ஒரு மருந்துக்கடையில் வேலையும் செய்துகொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் அழைப்பு வந்தது. ஆஸ்திரேலியாவில் பெண்களுக்கென்று இருக்கும் உயர்மட்டப் பந்தாட்ட லீக்கில் ஆடும் ஒரு கழகம், ஒரு பருவத்துக்கு அவளைத் தங்கள் அணியில் சேர்த்துக்கொள்ள விரும்புவதாக எழுதியிருந்தது. ஜூன் மாதத்தில் அங்கே நிற்க வேண்டும்.

மகனும் மருமகளும் சில நாட்கள் அறைக்குள் குசுகுசுத்துவிட்டுச் சம்மதம் சொன்னார்கள். ஒரேயொரு நிபந்தனை. விளையாட்டு என்று வெளியில் யாருக்கும் சொல்லக் கூடாது. மேற்படிப்புக்குப் போகிறாள், மாஸ்டர்ஸ் செய்யப் போகிறாள் என்றுதான் எல்லோருக்கும் சொல்லப்படும். உண்மை வெளியே வந்தால் பயணம் இல்லை.

"அவவுக்குக் கலியாணம் பேசிற வயசு, அப்பா," என்றான் மகன். "பந்து விளையாடப் போனவ எண்டு தெரிஞ்சால் நாலு பேர் என்ன கதைப்பினம்?"

"எந்த நாலு பேர்? பேரைச் சொல்லு தம்பி, எண்ணிப் பாப்பம்."

"உங்களோடை கதைக்க ஏலாது."

அவன் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

இருபத்து நான்கு வயதுப் பெண்ணுக்குத் தாய் தகப்பனின் அனுமதி எதற்கு என்று சிலர் கேட்கலாம். அவள் அவர்களை முறித்துக்கொண்டு விமானம் ஏறுகிற பிள்ளை அல்ல. அது அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் நிபந்தனை போட்டார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சாப்பாடு இறங்காது.

விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆஸ்திரேலியா என்றால் கிரிக்கெற் என்று நினைக்கிறவர்கள் நாங்கள். அங்கே அதைவிடப் பெரிதாக இது இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. நாங்கள் ஊரில் ஆடிய உதைபந்து அல்ல இது; ஆடுகிறவர்கள் இதை ஃபுட்டி என்பார்கள். பந்து முட்டை வடிவம். உதைக்கலாம், முஷ்டியால் குத்திக் கொடுக்கலாம், எறியக் கூடாது. உதைத்து வரும் பந்தை ஒருத்தி எழும்பிப் பிடித்துவிட்டால், அவள் அமைதியாக நின்று உதைப்பதற்கு மற்றவர்கள் வழிவிட வேண்டும். மைதானம் நீள்வட்டம். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டு கம்பங்களுக்கும் இடையால் உதைத்தால் ஆறு புள்ளி. நடுக் கம்பத்துக்கும் ஓரக் கம்பத்துக்கும் இடையால் போனால் ஒரு புள்ளி. வலையும் இல்லை, வலை காப்பவரும் இல்லை.

பேத்தி பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடியவள். உயரமும் பாய்ச்சலும் உண்டு. பல்கலைக்கழகத்தில் கூடப் படித்த ஒரு ஆஸ்திரேலியப் பெண் அவளை இந்த விளையாட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். லண்டனில் பெண்களுக்கு இதில் பல அணிகள் இருக்கின்றன. கோடைகாலச் சனிக்கிழமைகளில் ஏதாவதொரு பொதுப் பூங்காவுக்குக் கம்பங்களைத் தாங்களே சுமந்து வந்து, நட்டு, கோடு போட்டு, ஆடி, பிடுங்கிக்கொண்டு போவார்கள். எனக்கு இலவச பஸ் பாஸ் இருக்கிறது. வேலை இல்லை. போய்ப் பார்த்தேன்.

இரண்டாம் முறை போனபோது சண்டை பிடித்தேன். நான் கம்பங்களுக்குப் பின்னால் நின்றேன். பேத்தியின் அணி உதைத்த பந்து நடுவால் போனது. ஆனால் கோட்டைத் தாண்டுமுன் எதிரணிப் பெண்ணொருத்தியின் விரல் அதில் பட்டது. விரல் பட்டால் ஆறு இல்லை, ஒன்றுதான். ஆறா ஒன்றா என்று சொல்வதற்காகக் கம்பத்தடியில் நின்ற கோல் நடுவர் யாரோ ஒருத்தியின் காதலன். போனைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு ஆறு கொடுத்தான். என்னால் பொறுக்க முடியவில்லை. முப்பது வருடம் ஒரு பஸ் கம்பனியில், எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று கணக்கெடுக்கும் பகுதியில் வேலை செய்தவன் நான். கணிதப் பட்டம் எடுத்தது இதற்குத்தானா என்று கேட்டவர்கள் உண்டு. இதற்குத்தான்.

அணித் தலைவி ஓடி வந்தாள். நாற்பது வயதுள்ள ஆஸ்திரேலியப் பெண், இங்கே ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நீங்கள் எந்த அணியின் ஆள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

உங்கள் அணியில் என் பேத்தி இருக்கிறாள், ஆனால் அது ஒரு புள்ளிதான் என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அடுத்த சனிக்கிழமை ஒரு வெள்ளைக் கோட்டையும் இரண்டு வெள்ளைக் கொடிகளையும் என் கையில் தந்தாள். ஒவ்வொரு அணியும் ஒரு கோல் நடுவரைக் கொண்டுவர வேண்டும், ஆள் கிடைப்பதில்லை. அன்றிலிருந்து நான்கு கோடைகள் நான் அந்தக் கம்பங்களுக்கு நடுவில் நின்றேன். ஆறு என்றால் இரண்டு விரல், இரண்டு கொடி. ஒன்று என்றால் ஒரு விரல், ஒரு கொடி. அந்தப் பக்கத்து முனையில் நிற்பவரும் கொடியசைத்து எனக்குப் பதில் தருவார். இரண்டு பேருடைய கணக்கும் ஒத்துவர வேண்டும். இப்படி ஒழுங்கான ஒரு ஏற்பாட்டை நான் எங்கள் சங்கங்கள் எதிலும் கண்டதில்லை.

ஒருநாள் இடைவேளையில் தோடம்பழம் உரித்துக்கொண்டு அணித் தலைவி தன் கதையைச் சொன்னாள். சிறு வயதில் அண்ணன்மாரோடு ஆடத் தொடங்கியவள். பையன்களின் அணியிலேயே சேர்த்துக்கொண்டார்கள். பதின்மூன்று வயது வந்ததும், இனிப் பையன்களோடு ஆட முடியாது, பெண்களுக்கு அணியும் இல்லை, போய் வலைப்பந்து ஆடு என்று அனுப்பிவிட்டார்கள். அந்த அணியிலேயே திறமான ஆள் அவள்தான் என்று பயிற்சியாளரே அவளுடைய தகப்பனிடம் சொன்னாராம். சொல்லிவிட்டுத்தான் அனுப்பினாராம். உயர்மட்ட லீக் என்று ஒன்று பெண்களுக்கு வந்தபோது அவள் முப்பத்தாறு வயதில் லண்டனில் சின்னப் பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த லீக்கின் முதல் ஆட்டத்தை ஒளிபரப்பில் பார்த்தபோது எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"முழுதும் பார்க்கவில்லை," என்றாள். "கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். சந்தோஷப்பட வேண்டிய நாள். எனக்குக் கோபம்தான் வந்தது."

அந்தக் கோபம் எனக்கு விளங்கியது. ஒரு பையன் பந்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனால் எதற்காக என்று ஒருவரும் கேட்பதில்லை. அவன் ஒருநாள் பெரிய அணிக்கு வரக்கூடும். நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் வர மாட்டார்கள், ஆனால் அந்த 'வரக்கூடும்' அவர்கள் எல்லோருக்கும் மைதானம் வாங்கிக் கொடுக்கிறது, சப்பாத்து வாங்கிக் கொடுக்கிறது, தகப்பன்மாரைச் சனிக்கிழமை காலையில் எழுப்பிக் கார் ஓட வைக்கிறது. பெண் பிள்ளைக்கு அந்தச் சொல்லே இருக்கவில்லை. எவ்வளவு நன்றாக ஆடினாலும் பதின்மூன்று வயதோடு பாதை முடிந்தது. உச்சியில் ஒரு லீக் வைத்ததால் உச்சியில் இருக்கும் சில நூறு பேருக்குத்தானே லாபம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது. உச்சியில் இடம் இருந்தால்தான் அடியில் இருக்கிற பத்து வயதுப் பிள்ளைக்கு ஒருவன் பந்து வாங்கிக் கொடுப்பான்.

அந்த லீக்கைக் கொடுத்தவர்களும் தாராளமாகக் கொடுக்கவில்லை. ஆண்கள் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர் களத்தில் நிற்பார்கள். பெண்களுக்குப் பதினாறு. ஆண்களைவிட ஆட்ட நேரம் குறைவு, ஒரு பருவத்தில் ஆடும் ஆட்டங்களும் குறைவு. எண்ணி எண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு ஆண்களின் ஆட்டத்தோடு ஒப்பிட்டு, புள்ளிகள் குறைவு, தரம் போதாது என்று சொல்வார்கள். நான் கத்துவேன். பேத்தி சிரிப்பாள்.

"அப்பப்பா, பதினாறு பேர் எண்டால் ஓட இடம் கூட. எனக்கு அது நல்லம்."

"ரெண்டு பேரின்ர இடத்தைக் களவெடுத்திருக்கினம். நீ இடம் கூட எண்டு சந்தோசப்படுறாய்."

"நீங்கள் ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கம்ப்ளெயின்ற் போடுங்கோ."

போடத்தான் நினைத்தேன். முகவரி தேடிக்கொண்டிருந்த வேளையில்தான் அவளுக்கு அழைப்பு வந்தது. ஐரோப்பாவில் நடந்த ஒரு போட்டியில் அவள் ஆடியதை அந்தக் கழகத்தார் பார்த்திருக்கிறார்கள்.

பொய் எங்கள் வீட்டில் தனியாக இருக்கவில்லை. குட்டி போட்டது. கோயிலில் மருமகளிடம், எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டார்கள். ஒரு பெயரைச் சொன்னாள். எந்தத் துறை என்று கேட்டார்கள். ஒரு துறையைச் சொன்னாள். ஸ்கொலஷிப்போ என்று கேட்டார்கள். பாதி என்றாள். முழு ஸ்கொலஷிப் என்று சொல்லியிருக்கலாமே என்று அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் மகன் வருத்தப்பட்டான். விளையாட்டுக் கழகம் விமான ரிக்கெற் அனுப்புகிறது என்ற உண்மை, இல்லாத பல்கலைக்கழகம் பாதிக் காசு தருகிறது என்ற பொய்யைவிட எந்த விதத்தில் கேவலம் என்று கேட்டேன். மருமகள் என் கோப்பையில் இன்னொரு கரண்டி பருப்பு விட்டாள்.

பக்கத்துப் பகுதியான நோர்பரியில் மருமகளுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்களுக்குப் பதினேழு வயதில் ஒரு மகள். தன் மகளும் அதே துறையில் படிக்க ஆசைப்படுகிறாள், உங்கள் பிள்ளை கொஞ்சம் வழிகாட்ட வேண்டும் என்று தாய் போன் எடுத்தாள். மருமகளால் மறுக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்து, பேத்திக்கு எதிரில் உட்கார்ந்து, எப்படி விண்ணப்பித்தீர்கள் அக்கா, என்ன கேட்டார்கள் அக்கா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். பேத்தி வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அந்தப் பிள்ளை அதையெல்லாம் போனில் தட்டிக்கொண்டது.

அவள் போன பிறகு பேத்தி சமையலறைக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

"நான் சொன்ன ஒண்டும் உண்மை இல்லை, அப்பப்பா. அந்தப் பிள்ளை அதை நம்பி அப்ளை பண்ணப் போகுது."

"போய்ச் சொல்லு."

"சொன்னால் அப்பா விடமாட்டார்." அவள் குழாயை மூடினாள். "நான் பிளேன் ஏறினால் போதும். அது வரைக்கும் நீங்கள் வாய் திறக்காதேங்கோ. ப்ரொமிஸ் பண்ணுங்கோ."

"என்னை உந்தப் பொய்க்குள்ளை இழுக்காதை பிள்ளை."

"ப்ரொமிஸ்."

ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? போகப் போகிறவள் அவள். என் கோபம் எனக்கு. அதற்காக அவளுடைய ஒரே வாய்ப்பை நான் பறிக்க முடியாது.

மே மாத வங்கி விடுமுறையன்று ஊரில் இருக்கும் எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் சங்கம் இங்கே ஒரு மைதானத்தை வாடகைக்கு எடுத்து விளையாட்டு விழா நடத்தும். மகன் அதன் செயலாளர். ஆண்களுக்கு உதைபந்து: இருபது அணிகள், ஒரு சிறு பிள்ளையின் உயரத்துக்கு வெற்றிக் கிண்ணம். பையன்களுக்குத் தனி, நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனி. பெண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயது வரைக்கும் ஓட்டம். அதற்குமேல் பெண்களுக்கு என்ன இருக்கிறது என்று நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடும் ஓட்டம், பாட்டு நின்றதும் இடம் பிடிக்கும் சங்கீதக் கதிரை. மைதானத்தின் ஓரத்தில், கார்கள் நிறுத்தும் பக்கமாக.

கொத்துரொட்டிக்கு வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் நின்றவரிடம் இதைச் சொன்னேன். என் வயதுக்காரர், கல்லூரியில் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவர்.

"பொம்பிளையள் ஆடுறதை ஆர் அண்ணை பாக்கிறது?" என்றார்.

அப்போது ஆண்களின் அரையிறுதி நடந்துகொண்டிருந்தது. ஆடுகிறவர்களையும், மாற்று ஆட்களையும், நடுவரையும் கழித்துவிட்டு எண்ணினேன்.

"அங்கை பாக்கிறது பதினாலு பேர். இந்தக் கொத்துரொட்டி வரிசையிலை இருபத்தியாறு பேர் நிக்கிறம். அப்ப இனிமேல் கிண்ணத்தைக் கொத்துரொட்டிக்காரருக்குக் குடுக்கச் சொல்லுங்கோ."

"உங்களுக்கு எப்பவும் பகிடிதான்," என்றார். நான் பகிடி விடவில்லை.

சங்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. விழா முடிவில், அந்த வருடம் மேற்படிப்புக்குப் போகிற பிள்ளைகளை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவார்கள். குடும்பத்தில் மூத்தவரைக் கொண்டு போர்த்துவிப்பது முறை. அன்றைக்கு நான்கு பிள்ளைகள். பேத்தி நான்காவது. மகன்தான் பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்திருந்தான். சேர்க்காவிட்டால் சந்தேகப்படுவார்களாம்.

பொன்னாடையை என் கையில் தந்தார்கள். பேத்தி என் பக்கத்தில் வந்து நின்றாள். கூடாரத்துக்குள் முன் வரிசையில் நோர்பரித் தாயும் அந்தப் பதினேழு வயது மகளும் இருந்தார்கள். மகள் படம் எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

சங்கத் தலைவர் ஒலிவாங்கியை எடுத்தார். மெல்பேர்ணில் முதுமாணிப் பட்டம் படிக்கச் செல்லும் எங்கள் செல்வி என்று தொடங்கினார். அதோடு நிறுத்தியிருந்தால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு போர்த்தியிருப்பேன். அவர் நிறுத்தவில்லை.

"இந்தக் காலத்துப் பிள்ளையள் மாதிரி விளையாட்டு, கிளையாட்டு எண்டு நேரத்தை வீணாக்காமல் ஒழுங்காய்ப் படிச்சதாலைதான் இவ இண்டைக்கு இந்த மேடையிலை நிக்கிறா. எங்கட பெண்பிள்ளையள் எல்லாருக்கும் இவ ஒரு முன்மாதிரி."

விளையாட்டு விழாவில் நின்றுகொண்டு சொன்னார். அவருக்குப் பின்னால் மேசையில் கிண்ணங்கள் பதினொன்று வரிசையாக நின்றன.

அங்கேயே திருப்பிக் கேட்டிருப்பேன். ஆனால் வாக்குக் கொடுத்திருந்தேன். பொன்னாடையின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். கை மேலே எழவில்லை. பேத்தி என்னைப் பார்த்தாள், பிறகு முன் வரிசையைப் பார்த்தாள். தலைவர், நான் தயங்குவதைச் சமாளிக்கவோ என்னவோ, ஒலிவாங்கியை அவளிடம் நீட்டி, "ரெண்டு வார்த்தை சொல்லும் பிள்ளை," என்றார்.

"தாங்க்யூ அங்கிள்," என்றாள். "நான் மாஸ்டர்ஸ் செய்யப் போகேல்லை. நான் ஃபுட்டி விளையாடப் போறன். அங்கை கேர்ள்ஸுக்கு ஒரு பெரிய லீக் இருக்கு. அதிலை ஒரு ரீம் என்னைக் கூப்பிட்டிருக்கு. அதுக்காக ஆறு வருசம் நேரத்தை வீணாக்கினனான்."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள். பேத்தி முன் வரிசைப் பிள்ளையைப் பார்த்தாள். "உனக்கு நான் சொன்ன கோர்ஸைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. ஸொறி. அதை அழிச்சுப் போடு."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "இப்பப் போடுங்கோ அப்பப்பா."

போர்த்தினேன். கை தட்டியவர்கள் ஒன்பது பேர். அதில் ஏழு பேர் பெண்கள். நோர்பரிப் பிள்ளை தட்டியது. அதன் தாய் தட்டவில்லை. தலைவர் ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கி, "சரி, சரி, அதுவும் ஒருவிதமான படிப்புத்தான்," என்று சொல்லிவிட்டு, சங்கீதக் கதிரையில் வென்ற அம்மாவை றைஸ் குக்கர் வாங்கிக்கொள்ள அழைத்தார்.

திரும்பும் வழியில் கார் ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது மகன் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான்:

"வெளியிலை வந்தால் பயணம் இல்லை எண்டு சொன்னனான்."

"நான் போறன் அப்பா," என்றாள் பேத்தி.

"நான் சொல்லுறன்..."

"கோவமெண்டால் கோவியுங்கோ. நான் போறன்."

அவள் தகப்பனிடம் அப்படிச் சொன்னதை நான் அதற்குமுன் கேட்டதில்லை. மகன் என்மேல் பாய்ந்தான். "எல்லாம் நீங்கள் பழக்கினது, அப்பா. கொடியைப் பிடிச்சுக்கொண்டு பின்னாலை திரிஞ்சது நீங்கள்தானே."

"உனக்குப் பின்னாலையும்தான் திரிஞ்சனான்," என்றேன். "பத்து வயசிலையிருந்து பதினெட்டு வயசு மட்டும் ஒவ்வொரு சனியும் கிரிக்கெற் பையைத் தூக்கிக்கொண்டு ரெண்டு பஸ் மாறி வந்தனான். என்னத்துக்கு எண்டு ஒரு சனமும் கேக்கேல்லை. நீ மட்டையோடை போறதை ஒளிச்சு வை எண்டு நான் சொன்னனானோ?"

"அதாலை நான் ஒண்டுக்கும் வரேல்லைத்தானே."

"அதைத்தான் சொல்லுறன். ஒண்டுக்கும் வராத உனக்கே அவ்வளவு செய்தனாங்கள். இது வந்திருக்கு. கூப்பிட்டிருக்கிறாங்கள். இதை ஒளிக்கச் சொல்லுறாய்."

விளக்குப் பச்சையானது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். மருமகள் மடியில் கிடந்த பொன்னாடையை மடித்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே மடித்திருந்ததை உதறித் திரும்பவும் மடித்தாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டுத் தொலைபேசி நன்றாக ஓய்வெடுத்தது. பேசிக்கொண்டிருந்த ஒரு கலியாணப் பேச்சு நின்றது. நோர்பரித் தாய் மருமகளைப் பிடித்து, என் பிள்ளையை ஏமாற்றிவிட்டீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அதில் அவள் பக்கம் நியாயம் இருந்தது. மகன் பேத்தியோடு தேவைக்கு மட்டும் கதைத்தான். உப்பைத் தா, கதவைப் பூட்டு. ஆனால் போகாதே என்று திரும்பச் சொல்லவில்லை. போகும் நாளில் காரை எடுத்தான். விமான நிலையத்தில் அவளுடைய இரண்டு பெட்டிகளையும் தூக்கி வைத்தான், அவற்றின் நிறை கூடியிருக்கிறது என்று மூன்று தடவை சொன்னான், அவள் உள்ளே போகுமுன் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான். அவள் வந்து அவனைக் கட்டிப்பிடித்தாள். அவன் கைகள் பையை விட்டு வெளியே வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

கழகத்தில் அவளைப் போல முப்பது பேர். எல்லோரும் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களோ என்று கேட்டேன். முந்திய வருடங்களில் அப்படித்தானாம், இப்போது கொஞ்சம் பரவாயில்லையாம். ஒரு பல்மருத்துவர் இருக்கிறாள், ஒரு தச்சுவேலைக்காரி இருக்கிறாள் என்று எழுதினாள். முழங்கால் பழுதானவர்கள் இரண்டு பேர் என்றும் எழுதினாள். திடீரென்று திரும்பும்போது உள்ளே இருக்கும் நாண் அறுந்துவிடுமாம், ஒரு வருடம் ஆட முடியாதாம், பெண்களுக்கு இது அதிகம் நடக்குமாம். அதை நான் மருமகளிடம் சொல்லவில்லை. அவளாகவே எங்கோ வாசித்துத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

செப்டெம்பரில் ஒரு ஆட்டத்துக்குரிய பட்டியலில் பேத்தியின் பெயர் வந்தது. அதுவரைக்கும் பயிற்சி மட்டும்தான். இதுதான் முதல் ஆட்டம். அதற்கு முதல்நாள் மருமகள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, கோயிலுக்கு வாறீங்களோ? அவர் கொண்டுபோய் விடுறன் எண்டவர்."

கோயிலடியில் மகன் காரை விட்டு இறங்கவில்லை. நிறுத்த இடமில்லை என்றான். இடம் இருந்தது, இரண்டு. நாங்கள் உள்ளே போனோம். வெள்ளிக்கிழமை மாலை, அர்ச்சனைக்கு நீண்ட வரிசை. மருமகள் தட்டை நீட்டிப் பேத்தியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னாள்.

ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு, "என்ன, சோதினையோ?" என்று கேட்டார். அந்த வரிசையில் நிற்கும் எல்லோரிடமும், பிள்ளைக்குப் பரீட்சையோ என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் மருமகளுக்குப் பின்னால் நின்றேன். ஓம் என்று தலையசைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சாமிக்கும் பொய் சொல்லப் போகிறாள் என்று எனக்குள் கொதிக்கத் தொடங்கியது.

"இல்லை ஐயா," என்றாள். "விளையாட்டு. நாளைக்குப் பிள்ளைக்கு முதல் மாட்ச். முழங்காலுக்கு ஒண்டும் வரக் கூடாது. அதைச் சொல்லிச் செய்யுங்கோ."

ஐயர் அதை எந்தச் சமஸ்கிருதத்தில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மணியை அடித்தார், திருநீறு தந்தார்.

மருமகள் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். எனக்குக் கேட்டது. எனக்குப் பின்னால் பதினெட்டுப் பேர் நின்றார்கள், அதில் நாலைந்து பேர் எங்களைத் தெரிந்தவர்கள். அவர்களில் ஒருவருக்கும் கேட்டிருக்காது. கேட்கிற மாதிரிச் சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.